காலண்டர் தாளில் மூன்று வார்த்தைகள்

பிரிசில்லா கடையைத் திறந்ததும் முதலில் செய்வது, காலண்டரில் நேற்றைய தாளைக் கிழிப்பது. நகத்தால் ஓரத்தைக் கீறி, மேலே துணுக்குகூட மிச்சமில்லாமல் முழுத் தாளாக எடுப்பார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் காலண்டராகத் தேடித்தான் வருடா வருடம் வாங்குவது. கோலமும் சமையல் குறிப்பும் அச்சடித்ததை யார் சும்மா கொடுத்தாலும் தொடமாட்டார். தாளைக் குப்புறப் போட்டு, கீபோர்டுக்கு வலப்பக்கம் வைத்து, அதன்மேல் ஒரு பென்சிலை வைப்பார். மனு அடிக்க வந்தவர் தன் கதையைச் சொல்லிக்கொண்டே போவார். பிரிசில்லாவின் விரல்கள் கூடவே ஓடும். திடீரென்று ஓரிடத்தில் நிற்கும். பென்சிலை எடுத்து இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளை, சில சமயம் மூன்றை, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவார். உதடு மட்டும் அசைய ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார், குழம்பில் புளி பார்ப்பதுபோல. பிறகு பென்சிலின் மழுங்கிய முனையால் ஒன்றைத் தட்டுவார். தட்டிய வார்த்தை மனுவில் ஏறும். மற்றவை சாயங்காலம் காலண்டர் தாளோடு நான்காகக் கிழிபட்டுக் கூடைக்குப் போகும்.

கடை என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில், கோர்ட்டுக்குப் போகும் வழியில், ஆறடிக்கு எட்டடி அறை. ஒரு கம்ப்யூட்டர், பிரிண்டர், ஜெராக்ஸ் மெஷின், வருகிறவர் உட்கார ஒரு ஸ்டூல். டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, ஒரு வக்கீலிடம் பதினோரு வருடம் அடித்து, பிறகு இந்த அறைக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. வயது ஐம்பத்திரண்டு. கணவர் பொன்னுரங்கத்துக்கு நெல்லிக்குப்பம் ஆலையில் ஷிப்ட் வேலை. "உங்கிட்ட உப்பு கேட்டாக்கூட ரெண்டு வார்த்தை எழுதிப் பாத்துட்டுத்தான் எடுத்துக் குடுப்ப" என்பது அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்வது.

ஆனால் அந்த இரண்டு வார்த்தைதான் பிரிசில்லாவின் பிழைப்பு. ஒரே புறம்போக்குத் துண்டில் ஒருவர் குடிசை போட்டிருக்கிறார் என்றால், அவரே வந்து மனு கேட்டால் 'ஆக்குபைடு' என்று போடுவார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்டால் 'என்க்ரோச்டு'. முதல் வார்த்தையில் அந்த மனிதர் குடியிருக்கிறார். இரண்டாவதில் அதே மனிதர் அதே குடிசையில் குற்றவாளியாக உட்கார்ந்திருக்கிறார். இந்த வித்தியாசம் தெரிந்தவர் என்றுதான் பண்ருட்டி, வடலூர் பக்கமிருந்தெல்லாம் அவரைத் தேடி வந்தார்கள். வாசலில் காத்திருப்பவர்கள் கேட்பதும் ஒன்றுதான்: கொஞ்சம் கனமான இங்கிலீஷா போடுங்க மேடம், படிச்சதும் ஆபீசர் எழுந்து நிக்கணும். கனமான வார்த்தை போட்டால்தான் ஃபைல் நகரும் என்பது கோர்ட் வாசலில் எல்லோரும் நம்புவது. பிரிசில்லாவும் நம்பினார்.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. மனு அடிப்பவர் பெயர் மனுவில் எங்கும் வரக்கூடாது. விரல் அவருடையது, வார்த்தை அவருடையது, ஆனால் தாளில் அவர் இல்லை. பெயர் வந்துவிட்டால் நாளைக்குக் கூண்டில் ஏற வேண்டியிருக்கும். அப்படி ஏறிய ஒருவரை, வக்கீல் கேட்ட கேள்வியில் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தவரை, பிரிசில்லா இளம் வயதில் பார்த்திருக்கிறார். இருபது வருடத்தில் ஒரு தாளில்கூட அவர் பெயர் இல்லை.

போன மே மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு வெண்மதி வந்தாள். பரங்கிப்பேட்டை பக்கம் ஊர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முகத்தைத் துடைத்துத் துடைத்து மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்திருந்தது. பட்டா மனு அடித்துக் காரியம் முடிந்த அவள் ஊர்க்காரர் யாரோ வழி சொல்லி அனுப்பியிருந்தார். ஸ்டூலில் உட்காராமல் நின்றபடியே சொன்னாள். கணவன் அன்பரசு சவுதியில் ஒரு கட்டிட கம்பெனியில் இரண்டு வருடமாக வேலை. இருபது நாளாக ஆளைக் காணவில்லை. வெள்ளிக்கிழமை கடைத்தெருவுக்குப் போவதாகச் சொல்லிக் கேம்ப்பிலிருந்து கிளம்பினவர், திரும்பவில்லை என்று உடன் தங்கியிருந்தவர் சொன்னார். போன் ஸ்விட்ச் ஆஃப். அனுப்பி வைத்த ஏஜென்ட் ராஜமாணிக்கத்துக்குச் சிதம்பரத்தில் ஆபீஸ். மனைவி கையெழுத்தோடு இங்கிலீஷில் ஒரு லெட்டர் வேண்டும் என்று கம்பெனியில் கேட்கிறார்களாம். இன்றைக்கு நாலு மணிக்குள் அனுப்பிவிட வேண்டும், வெள்ளியும் சனியும் அங்கே லீவு.

நடுநடுவே போனை எடுத்துக் காதில் வைப்பாள். ஒன்றும் பேசமாட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொள்வாள். ரிங் போகிறதா என்று பார்க்கிறாள் போல, பாவம் என்று பிரிசில்லா நினைத்தார்.

கடிதம் வேகமாகவே நகர்ந்தது. பெயர், பாஸ்போர்ட் நம்பர், வேலையில் சேர்ந்த தேதி. 'என் கணவர் தங்கள் கேம்ப்பிலிருந்து' என்ற இடத்தில் விரல் நின்றது. பிரிசில்லா பென்சிலை எடுத்தார். புதன்கிழமைத் தாளின் முதுகில் மூன்று வார்த்தைகளை எழுதினார். லெஃப்ட். மிஸ்ஸிங். அப்ஸ்காண்டட்.

முதலாவது சப்பென்று இருந்தது. கிளம்பிப் போனார், அவ்வளவுதான். அதைப் படித்து எவன் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பான்? மிஸ்ஸிங் என்ற இடத்தில் பென்சில் கொஞ்சம் தங்கியது. ஆனால் அந்த வார்த்தையை அவருக்கு நன்றாகத் தெரியும். எத்தனை காணவில்லை மனு அடித்திருக்கிறார். எல்லாம் ஸ்டேஷனில் ஒன்றன்மேல் ஒன்றாக மட்கிக் கிடந்தன. மூன்றாவது அப்படியில்லை. கோர்ட்டில் அந்த வார்த்தை விழுந்தால் வாரண்ட் பிறக்கும், ஜீப் கிளம்பும், போலீஸ்காரர் ஊர் ஊராகப் போய்க் கதவைத் தட்டுவார். இருபது வருடமாகக் கண்ணெதிரே பார்த்தது. அந்த வார்த்தையில் தலைமறைவு என்ற வாடை அடிக்கும் என்பதும் தெரியும். ஆனாலும், தேட வைக்கும் வார்த்தை அதுதான்.

"நல்லா தேடுற மாதிரி போடுங்கக்கா" என்றாள் வெண்மதி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி.

பிரிசில்லா மூன்றாவது வார்த்தையைத் தட்டினார்.

முதல் பிரிண்ட்டில் மை இழுத்துவிட்டது. அதை ஓரமாகப் போட்டுவிட்டு இரண்டாவது எடுத்துக் கையெழுத்து வாங்கி, கவரில் போட்டுக் கொடுத்தார். பதினொன்றேகாலுக்கு வெண்மதி சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். செருப்பு வார் ஒரு பக்கம் அறுந்திருந்ததை அவள் போகும்போதுதான் பிரிசில்லா கவனித்தார்.

ஒன்றேகால் மணிக்கு, டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரத்தில், ஆண்டி என்று ஒருவர் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். முன்பே இரண்டு மூன்று தடவை வந்தவர்தான். பதினோரு வருடம் சவுதியில் இருந்துவிட்டு வந்து இப்போது முதுநகரில் ஆட்டோ ஓட்டுகிறார். எடுத்த காப்பிகளை வீணான தாள் ஒன்றில் சுற்றிக் கொடுப்பது பிரிசில்லாவின் பழக்கம். கைக்குக் கிடைத்தது மை இழுத்த அந்த முதல் பிரிண்ட். ஆண்டி வாங்கிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தவர் நின்றார். பிரித்தார். ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"யக்கா, இதுல இருக்கிற ஆளு உங்களுக்கு வேண்டியவரா, வேண்டாதவரா?"

பிரிசில்லாவுக்குப் புரியவில்லை. மனு அடிக்க வந்த பெண்ணின் வீட்டுக்காரர், காணாமல் போய் இருபது நாள் ஆகிறது என்றார்.

"காணாமப் போனவருக்கு ஏன் இந்த வார்த்தைய போட்டீங்க? எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷே மொத்தம் நாலு வார்த்தை. அதுல ஒண்ணு இது. கேம்ப்ல சமையல் பண்றவனுக்குக்கூடத் தெரியும். அரபியில ஹுரூப்ம்பாங்க. ஓடிப்போனவன்னு கம்பெனி ஒருத்தன்மேல எழுதிக் குடுத்துட்டா, அவன் பேப்பர் செத்துடும். கடைவீதில நின்னாக்கூட புடிப்பான். உள்ள வெச்சி, ரேகை எடுத்து, இனிமே அந்தப் பக்கமே தலைய காட்ட முடியாதபடி அனுப்பிடுவான்."

"தேட மாட்டாங்களா?"

"தேடுவாங்கக்கா. புடிக்கிறதுக்குத் தேடுவாங்க. காப்பாத்துறதுக்குத் தேட மாட்டாங்க." ஆண்டி தாளை மேஜைமேல் வைத்தார். "அதுவும் பொண்டாட்டியே எழுதி கையெழுத்துப் போட்டுட்டாங்கன்னா, கம்பெனிக்கு வேற என்னா வேணும்? இருபது நாளா இன்னும் எழுதாம இருக்கான்னா, இதுக்குத்தான் காத்துட்டிருக்கான்."

அவர் போன பிறகு பிரிசில்லா டிபன் பாக்ஸை மூடினார். மூடி இரண்டு தடவை வழுக்கியது. குறித்து வைத்திருந்த வெண்மதியின் நம்பரை அழைத்தார். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி. ஸ்விட்ச் ஆஃப். காலையில் அவள் அந்தப் போனைக் காதில் வைத்து வைத்து எடுத்தது ஞாபகம் வந்தது, சார்ஜ் தீர்ந்திருக்கும். ஏஜென்ட்டின் நம்பர் தெரியாது. தெரிந்ததெல்லாம் வெண்மதி பேச்சோடு பேச்சாகச் சொன்ன அடையாளம்: சிதம்பரம் தெற்கு வீதி, மாடி, கீழே வளையல் கடை.

மணி ஒன்று முப்பத்தைந்து. வாசலில் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒருவருக்கு மறுநாள் வாய்தா. பிரிசில்லா அவர்களிடம் மன்னிப்புக்கூடக் கேட்காமல், காலண்டர் தாளையும் பென்சிலையும் கைப்பையில் போட்டுக்கொண்டு ஷட்டரை இறக்கினார். வேலை நாளில் மதியம் அந்த ஷட்டர் இறங்கி அந்தத் தெரு பார்த்ததில்லை. எதிர்க் கடைக்காரர் யாருக்கு என்னாச்சு என்று கேட்டது காதில் விழுந்தது. ஷேர் ஆட்டோவில் ஏறி, பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது ஒரு சிதம்பரம் பஸ் வெளியே திரும்பிக்கொண்டிருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஓடும் பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் கையைப் பிடித்து இழுத்துவிட்டு, "ஏம்மா, சிதம்பரம் எங்கயும் ஓடிப் போயிடாது, அங்கயேதான் இருக்கும்" என்றார்.

ஓடிப் போயிடாது என்ற சொல் பிரிசில்லாவின் நெஞ்சில் குத்தி நின்றது.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெயில் பஸ்ஸின் தகரத்தில் இறங்கி, சீட்டின் ரெக்சினில் ஏறி, முழங்காலைச் சுட்டது. கைப்பையின்மேல் காலண்டர் தாளை வைத்துப் பார்த்தார். மூன்று வார்த்தைகள். மூன்றாவதைச் சுற்றிப் பென்சில் முனை தட்டிய சின்னச் சின்னப் பள்ளங்கள். அவற்றுக்குக் கீழே எழுத ஆரம்பித்தார். பஸ் குலுக்கலில் எழுத்து அடிபட்ட எறும்புபோல் கோணிக்கொண்டு போனது. அன்ட்ரேசபிள்: கண்டுபிடிக்க முடியாதவர். ஏற்கெனவே தேடி முடித்துக் கையை உதறிவிட்ட வார்த்தை அது. லாஸ்ட்: அது குடையைத் தொலைத்த மாதிரி. லெஃப்ட்: அவராகவே போனார் என்கிறது, அதை யார் பார்த்தார்கள்? மிஸ்ஸிங்கின் முன்னால் திரும்பவும் வந்து நின்றார். காலையில் சப்பை என்று தள்ளிய வார்த்தை. அந்த வார்த்தையில் மட்டும்தான் அந்த மனிதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஒரு இடம் காலியாக இருக்கிறது, இருக்க வேண்டியவர் இல்லை. அதற்குமேல் அது ஒன்றும் சொல்லவில்லை. கனமே இல்லாத வார்த்தை. கனம் எல்லாம் யார்மேல் போய் இறங்குகிறது என்பதை இருபது வருடத்தில் ஒரு தடவையாவது யோசித்தோமா என்று நினைத்தபோது, தான் அடித்த மனுக்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கண்ணை மூடிக்கொண்டார்.

ஆலப்பாக்கம் தாண்டி ரோடு வேலை. ஒரு பக்கம் அடைத்து, இந்தப் பக்க வண்டியும் அந்தப் பக்க வண்டியும் மாறி மாறிப் போயின. பஸ் இருபது நிமிடம் நின்றது. யாரோ குழந்தைக்கு வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக் கொடுத்தார்கள். பிரிசில்லா மணியைப் பார்க்கக் கூடாது என்று கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். பிறகு பையைத் திறந்து திறந்து பார்த்தார். வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது மூன்று ஐந்து.

வளையல் கடைக்குப் பக்கத்து மாடிப்படி குறுகலாக இருந்தது. ஏறி முடித்ததும் மணியைப் பார்த்தார். மூன்று இருபத்தைந்து. உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி மேஜைக்குப் பின்னால் ராஜமாணிக்கம், இரண்டு கையிலும் இரண்டு போன். ஓரமாகப் பிளாஸ்டிக் சேரில் வெண்மதி. அவள் போன் சுவரோரம் சார்ஜில் கிடந்தது. பிரிசில்லாவைப் பார்த்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

லெட்டர் எங்கே என்று பிரிசில்லா கேட்டார்.

"இப்பதான் வெளியில போயிட்டு வந்தேன், பத்து நிமிஷம் ஆவுது, மெயில்ல போட்டுட்டேன்" என்றார் ராஜமாணிக்கம். "நீங்க யாரு?"

பத்து நிமிடம். ரோடு வேலையில் நின்ற இருபது நிமிடத்தில் பாதி. பிரிசில்லா மேஜைக்கு முன்னால் வந்தார். நின்றபடியே சொன்னார்: அந்த லெட்டரை அடித்தது நான்தான், அதில் ஒரு வார்த்தை தப்பு, இன்னொரு லெட்டர் உடனே போக வேண்டும்.

எந்த வார்த்தை என்று ராஜமாணிக்கம் கேட்டு, கம்ப்யூட்டரில் பார்த்தார். சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை; வேலை அதிகமுள்ள மனிதரின் சிரிப்பு.

"ஆள் இல்ல. அதுக்கு அந்த வார்த்தையும் ஒண்ணுதான், இந்த வார்த்தையும் ஒண்ணுதான். கம்பெனிக்காரன் பேசுறதே இந்த இங்கிலீஷ்தாம்மா. நான்கூட பாத்துட்டு, பரவால்லியே, விஷயம் தெரிஞ்சவங்க அடிச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

அதுதான் பிரிசில்லாவுக்கு மிகவும் வலித்தது.

வெண்மதி பக்கத்தில் வந்தாள். "அதுக்கு ஓடிப்போனாருன்னா அர்த்தம்?"

"ஆமாம்மா."

அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. "அது உங்களுக்கு எப்படி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். எப்படி மனசு வந்தது என்று கேட்க வந்தாள், மரியாதைக்கு விழுங்கிவிட்டாள் என்று பிரிசில்லா எடுத்துக்கொண்டார். தலையைக் குனிந்துகொண்டு, ஆண்டி சொன்னதை எல்லாம் ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னார். தப்பு என்னுடையது என்றார். பிறகு ஒன்று கேட்டார்.

"நல்லா யோசிச்சு சொல்லும்மா. இந்தத் தடவ நீ சொல்றத மட்டும்தான் எழுதுவேன். உனக்கு என்னா தெரியும்?"

வெண்மதி சார்ஜில் கிடந்த போனைப் பார்த்தாள்.

"அவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாதுக்கா. உசுரோட இருக்காரான்னுகூடத் தெரியாது. அது மட்டும் நெசம்."

பிரிசில்லாவுக்கு அது போதும்.

ராஜமாணிக்கத்துக்குப் போதவில்லை. ஒரே நாளில் இரண்டு லெட்டர் போனால் பொண்டாட்டி மாத்தி மாத்திப் பேசுறாள் என்பான், முதல் லெட்டரைத்தான் உண்மை என்று வைத்துக்கொள்வான், என் ஆபீஸ் பேரும் கெடும் என்றார். போனை எடுத்துக் காதில் வைத்து, பேச்சு முடிந்தது என்பதுபோல நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். சுவரில் இரண்டு கடிகாரம்; ஒன்று இந்த ஊர், ஒன்று அந்த ஊர். இந்த ஊர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பது.

"மாத்திப் பேசுனது அவ இல்ல, அடிச்ச நான்னு எழுதுறேன். என் பேர் போட்டு, என் கையெழுத்துப் போட்டு."

"நீங்க யாரு கம்பெனிக்கு?"

"யாரும் இல்ல. டைப் அடிச்சவ."

ராஜமாணிக்கம் திரும்பவில்லை. பிரிசில்லா மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேராக நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"சார், இந்தப் பொண்ணு நாளைக்குக் கலெக்டர் ஆபீசுக்கு வரும். ஒங்க மேல மனு குடுக்கும். அத அடிக்கப்போறதும் நான்தான். ஏஜென்ட் அவசரத்துல கவனிக்கலன்னும் எழுதலாம், தெரிஞ்சே ஏமாத்துனாருன்னும் எழுதலாம். நடந்தது ஒண்ணுதான். அப்ப நான் காலண்டர் தாள எடுத்து எழுதிப் பாப்பேன், எது சரியா வருதுன்னு."

ராஜமாணிக்கம் போனைக் காதிலிருந்து எடுத்தார். அந்த அம்மாளை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியை விட்டுக்கொடுத்தார்.

பழக்கமில்லாத கீபோர்டு. எழுத்தெல்லாம் தேய்ந்திருந்தது. இரண்டு இடத்தில் விரல் பிசகியது. பன்னிரண்டு வரிதான். சற்று முன் அனுப்பிய கடிதத்தில் உள்ள ஒரு வார்த்தை கையெழுத்திட்ட பெண் சொன்னதல்ல, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் தமிழில் சொன்னது, கணவர் எங்கே என்று தெரியவில்லை என்பதே. அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்தது நான், அது என் பிழை. அன்பரசு காணாமல் போயிருக்கிறார். மருத்துவமனைகளில் தேடும்படி அவர் மனைவி கேட்டுக்கொள்கிறார். இதன் ஒரு பிரதி தூதரகத்துக்கு. கீழே வெண்மதி கையெழுத்து. அதற்குக் கீழே, இருபது வருடத்தில் முதல் முறையாக, பிரிசில்லா பொன்னுரங்கம், டைப்பிஸ்ட், மஞ்சக்குப்பம், கடலூர். கையெழுத்துப் போடும்போது, மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கூண்டிலிருந்து இறங்கிய மனிதர் கண்ணெதிரே வந்து போனார்.

நாலு ஐந்துக்கு மெயில் போனது. முதல் லெட்டரை யாராவது திறந்துவிட்டார்களா, அதை வைத்து எழுதியாகிவிட்டதா, தெரிய வழியில்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் பிரிசில்லா கடையைத் திறந்தார், தாளைக் கிழித்தார், ஆனால் பின்பக்கம் எழுதவில்லை. சொல்வதை அப்படியே அடித்து அனுப்பினார். பொன்னுரங்கம் உப்புக் கேட்டபோது எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தார். அவர் அதிசயமாகப் பார்த்தார்.

ஞாயிறு மாலை வெண்மதியிடமிருந்து போன். கம்பெனியிலிருந்து பதில் வந்திருக்கிறது: அன்பரசுவின் சமீபத்திய போட்டோ, உடம்பில் உள்ள அடையாளம், ரத்தப் பிரிவு எல்லாம் அனுப்பச் சொல்கிறார்கள். பிரிசில்லா போனைப் பிடித்தபடி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஓடிப்போனவனுக்கு யாரும் ரத்தப் பிரிவு கேட்பதில்லை.

பதினோரு நாள் கழித்து ஆள் கிடைத்தான். கேம்ப்பிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு அரசு ஆஸ்பத்திரியில். வெயிலில் ரோட்டோரம் விழுந்து கிடந்தவனை லாரிக்காரர் ஒருவர் கொண்டுவந்து போட்டிருக்கிறார். சட்டைப் பையில் ஒரு காகிதமும் இல்லை. சிறுநீரகம் பழுதாகி, நினைவு வருவதும் போவதுமாகப் பெயரில்லாமல் கிடந்தவனை, தூதரகம் அனுப்பிய போட்டோவை வைத்து ஒரு மலையாளி நர்ஸ் அடையாளம் சொன்னார். அவன்மேல் ஒரு வழக்கும் பதிவாகவில்லை. ஜூன் கடைசியில், பாஸ்போர்ட்டுக்குப் பதில் தூதரகம் கொடுத்த தற்காலிகச் சான்றிதழோடு சென்னை வந்து இறங்கினான்.

அதன் பிறகு பிரிசில்லாவின் வழக்கத்தில் ஒரு மாற்றம். தாளில் வார்த்தைகளை எழுதியதும், ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது, யார்மேல் போய் விழும் என்று வந்தவருக்குத் தமிழில் சொல்வார். எது உங்களுடையது என்று கேட்பார். அவர்கள் சொன்ன பிறகுதான் பென்சில் தட்டும். இதனால் நேரம் ஜாஸ்தி ஆகிறது. சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அடிப்பவர் பெயர் இப்போதும் மனுவில் கிடையாது. ஒரே ஒரு தாளில்தான் உண்டு.

நவம்பரில், மழை விட்ட ஒரு காலையில், அன்பரசு தனியாக வந்தான். மெலிந்து, வேட்டி இடுப்பில் நிற்காமல், ஆனால் நடமாடுகிறவனாக. பாஸ்போர்ட் அங்கேயே போய்விட்டதால் புதிதுக்கு ஒரு மனு. கும்பிட்டான். நீங்க இல்லன்னா என்று ஆரம்பித்தவனைப் பிரிசில்லா உட்காரச் சொன்னார். அடித்துக்கொண்டே வந்து, கேம்ப்பை விட்ட இடத்தில் விரல் நின்றது. காலண்டர் தாளில் இரண்டு வார்த்தை எழுதி, இரண்டையும் தமிழில் சொல்லி, எது என்று கேட்டார்.

அன்பரசு கூச்சத்தோடு சிரித்தான். வெண்மதி சொல்லியிருப்பான்னு நெனச்சேனே என்றான்.

மே மாதத்து அந்த வியாழக்கிழமை காலை வெண்மதி இதே ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று, அவள் சார்ஜ் தீரும்வரை காதில் வைத்து வைத்து எடுத்த போனில் ஓடிக்கொண்டிருந்தது அவன் குரல்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் அனுப்பிய பதினெட்டு நொடி வாய்ஸ் மெசேஜ்: இந்த வெயிலில் இதுக்குமேல முடியல, வேற எடத்துல வேலை சொல்லியிருக்காங்க, கம்பெனிக்குச் சொல்லாம நாளைக்குக் கிளம்பிடறேன், யார் கேட்டாலும் உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடு.